வெளுத்த தரை

அண்ணன் போன முறை வந்தபோது அப்பாவைப் பார்த்ததைவிடத் தரையைப் பார்த்ததுதான் அதிகம்.

"இதுல மனுஷன் இருப்பானா? எப்படிக் கறுத்துக் கிடக்கு பாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். வீடு இப்படியே இருந்தா அப்பாவை ஹோம்ல சேர்த்துட வேண்டியதுதான். உன்னால முடியல, ஒத்துக்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருஷமாகக் குளிப்பாட்டி, சோறூட்டி, நகம் வெட்டிவிடுகிறவள் நான். ஐயா மாதம் ஒருமுறை வந்து தரைக்கு மார்க் போடுவார். ஆனால் சொன்னால் செய்துவிடுகிற ஆள் அவன். அவனிடம் வாய்ச்சண்டையில் நான் ஜெயித்ததே இல்லை. சரி, தரையையாவது ஜெயிப்போம் என்று நினைத்தேன்.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். ஞாபகம் கழன்றுகொண்ட பிறகு என்னைச் சில நாள் மகள் என்பார், சில நாள் கண்டக்டர் என்பார். நான் விசில் அடித்தால்தான் கட்டிலைவிட்டு எழுந்திருப்பார். கட்டிலிலிருந்து பாத்ரூம், அங்கிருந்து சமையலறை வாசல், அப்புறம் ஜன்னலோர நாற்காலி. தலையைக் குனிந்துகொண்டு தன்னந்தனியாகப் போய்ச் சேருவார். ஒருநாளும் தவறியதில்லை. அண்ணனிடம் நான் வைத்திருந்த ஒரே வாதம் அதுதான்: "தானா பாத்ரூம் போறாருண்ணா. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவை மாடி வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு டைல்ஸில் உட்கார்ந்தேன். முப்பது வருஷத்து வெள்ளை டைல்ஸ். வெள்ளை என்று நான் சொன்னால்தான் தெரியும். சோப்புத் தூளுக்கு அது அசையவே இல்லை. சமையல் சோடாவுக்குக் கொஞ்சம் இளகியது. கடைசியில் வாளித் தண்ணீரில் ஆசிட்டைக் கலந்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்தேன். இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ். முட்டி கழன்றுவிட்டது. கட்டிலடியிலிருந்து ஒரு முழ அகலத்துக்கு அழுக்கு தனியாகக் கறுத்து ஓடியது. எண்ணெய் தேய்த்துவிட்ட காலோடு அப்பா நடந்து நடந்து ஏறிய கறை. அதற்கு மட்டும் முழுதாக ஒரு நாள் பிடித்தது. சனிக்கிழமை மதியம் அது போய்த் தொலைந்தபோது, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சாயங்காலம் அப்பாவைக் கீழே அழைத்து வந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள வாங்கப்பா."

"யார் வீடும்மா இது? சுத்தமா இருக்கு. என் காலெல்லாம் அழுக்கு."

கெஞ்சிக் கூத்தாடிக் கட்டிலில் உட்காரவைத்தேன். விசில் அடித்தேன். எழுந்தார். குனிந்து தரையைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். காலைத் தூக்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். நின்றபடியே வேட்டி நனைந்தது. பாத்ரூம் எட்டு அடிதான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் அவர் பார்த்துப் பார்த்து நடந்தது அந்தக் கறையை. ரோட்டை நானே சுரண்டி எடுத்துச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். அவரைத் துடைத்துவிட்டபடியே அழுதேன். "அழாதீங்கம்மா, வீட்டுக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். டீத்தூளை எண்ணெயில் குழைத்துக் கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை தேய்த்தேன். ஒட்டவில்லை. ஷூவுக்குப் போடும் கறுப்பு பாலிஷைத் துணியில் எடுத்துப் பூசினேன். அது ஒட்டியது. ஆனால் பளபளவென்று மின்னியது.

அப்பா எட்டிப் பார்த்தார். "யாரோ அசிங்கம் பண்ணி வெச்சிருக்காங்க" என்று காலை இழுத்துக்கொண்டார்.

சரியாக அந்த நேரத்தில் அண்ணன் உள்ளே வந்தான். மண்டியிட்டிருந்த என்னையும் கையிலிருந்த பாலிஷ் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னடி பண்றே?"

"அப்பாவுக்கு வழி போடறேண்ணா. நான்தான் தேய்ச்சு எடுத்துட்டேன். ஒரு மாசம் கொடு, திரும்ப நடந்து நடந்து தானா..." சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறதென்று எனக்குத் தெரிந்தது.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டப்பாவை மெதுவாக வாங்கிக்கொண்டான். "ரொம்ப ஓய்ஞ்சுட்டேம்மா நீ. விடு" என்றான். பிறகு அப்பாவிடம் போனான். "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, பாலிஷ் கோட்டில் கால் படாமல் சுற்றி நடந்து, தானாகவே காரில் ஏறி உட்கார்ந்தார். நான் கறுத்த கையோடு கார் ஜன்னலருகே ஓடினேன்.

"அப்பா, இறங்குங்கப்பா. இதுதாம்ப்பா நம்ம வீடு."

அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நல்லா பாத்துக்கிட்டீங்கம்மா. நான் கிளம்பறேன். வீட்ல எம்பொண்ணு தனியா இருப்பா."