ஒற்றைக் கைக்கு ஒரு ஜிக்

லிஃப்ட்காரரின் மனைவி அந்த மரவேலைச் சாமான் கடைக்குள் நுழைந்தபோது, கேட்டதை வாங்கிக்கொண்டு சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். போனில் இருந்த வீடியோவை ஓடவிட்டுக் கடைக்காரரிடம் காட்டினாள். அதில் ஒருவர் பலகையின் ஓரத்தில் எதையோ வைத்து இறுக்கி, சாய்வாகத் துளை போட்டு, அதற்குள் திருகை இறக்கி, இரண்டு பலகைகளைக் கண் மூடித் திறப்பதற்குள் சேர்த்துவிட்டார். திருகின் தலைகூட மேலே தெரியவில்லை.

"இவர் பலகையில வெச்சு இறுக்கறாரே, அது ஒண்ணு வேணும்."

"பாக்கெட் ஹோல் ஜிக்," என்றார் கடைக்காரர். "எதுல வேணும்?"

"எதுலன்னா?"

அவர் உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்து கண்ணாடி மேசை மேல் வைத்தார். ஒன்று கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக். ஒன்று நல்ல கனமான அலுமினியம், அடுத்தடுத்து இரண்டு குழலோடு. இன்னொன்று நெம்புகோல் வைத்தது, தையல் மெஷினின் தலை மாதிரி பெரிதாக உட்கார்ந்திருந்தது. எல்லாமே டிரில் சாய்வு தப்பாமல் இறங்குவதற்கு வழி காட்டுகிறவைதான் என்று அவர் விளக்கினார். ஆனால் எது வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது.

"பலகை என்ன தடிமன்? பிளைவுட்டா, மரமா? இறுக்கிப் பிடிக்கற கிளாம்ப் வீட்ல இருக்கா, சேத்து வேணுமா?"

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவள் பிழைப்பு. பதில் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள்தான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்," என்று போனை எடுத்தவள், யாரைக் கேட்கப் போகிறோம் என்பது ஞாபகம் வந்து கொஞ்சம் தயங்கினாள்.

லிஃப்ட்காரர் என்று ஊரே அழைக்கிற அவள் கணவர், உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்ந்த நேரமெல்லாம் மரவேலை. பின்னறையில் அவர் இழைத்துத் தள்ளாத சாமான் இல்லை. மகள் புது வீட்டுக்குக் குடிபோகிறாள் என்று தெரிந்ததும் புத்தக அலமாரி செய்து தருகிறேன் என்று ஆரம்பித்து, பலகைகளை அறுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். அந்த வாரமே பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் ஓரளவு திரும்பி, இப்போது தடியை ஊன்றிக்கொண்டு நடக்கிறார். கை திரும்பவில்லை. பேச்சு போனது போனதுதான். ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. வேண்டாம்.

பசித்தாலும் வேண்டாம். பசிக்காவிட்டாலும் வேண்டாம். மகள் போன் செய்தால் சந்தோஷமாக ஒரு வேண்டாம். அவர் மனசில் சொல் இருக்கிறது, வாய்க்கு வரும்போது இதுவாக மாறிவிடுகிறது என்று பேச்சுப் பயிற்சி தருகிற டீச்சர் சொன்னார். அவருக்குப் பிடித்த வேலை எதையாவது செய்ய விடுங்கள் என்றும் சொன்னார். அப்போதுதான் லிஃப்ட்காரர் இந்த வீடியோவை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, இடது கையால் அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தார். பலகை மேல் விரலைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். பழைய மாதிரி உளியும் சுத்தியும் பிடிக்க இரண்டு கை வேண்டும். இதற்கு ஒரு கை போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பல மாதங்களுக்குப் பிறகு அவராகக் கேட்ட பொருள் அது.

வீடியோ அழைப்பில் முதலில் மின்விசிறிதான் தெரிந்தது. பிறகு அவர் காது. அவள் பிளாஸ்டிக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"என்னங்க, இதா?"

"வேண்டாம்."

"அப்ப இதா?" அலுமினியம்.

"வேண்டாம்."

"பெரிசா ஒண்ணு இருக்கு, பாருங்க."

"வேண்டாம், வேண்டாம்."

இரண்டு தடவை சொன்னாரே, அது ஆமாம் ஆமாமா, இல்லவே இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். திரையில் முகம் நடுங்கி, நின்று, கட்டம் கட்டமாக உடைந்து போனது. கூப்பிட்டுப் பார்த்தாள். லைன் கிடைக்கவில்லை.

"சார் ரொம்பக் கறார் போல," என்று கடைக்காரர் சிரித்தார். "எதைக் காட்டினாலும் வேண்டாங்கறார்."

அவளும் சிரித்துவைத்தாள். கணவரின் கையைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன மாத்திரத்தில் எதிரே இருக்கிறவர் முகத்தில் 'ஐயோ பாவம்' வந்து உட்காரும். எப்போது வந்தது, எந்த டாக்டர், எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் என்று தொடங்கும். அதையெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

"நெம்புகோல் வெச்சது பெஞ்சுல திருகி மாட்டறது. வீட்டு வேலைக்கு எதுக்கு அவ்ளோ பெரிசு?" என்றார் கடைக்காரர். "அலுமினியத்தை எடுத்துட்டுப் போங்க. ஆயுசுக்கும் உழைக்கும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எடுத்துக்கொண்டு போனாள்.

லிஃப்ட்காரர் டப்பாவைப் பல்லால் கிழித்துப் பிரித்தார். ஜிக்கை இடது கையில் ஏந்திக் கனம் பார்த்தார். திருப்பினார். அடியில் பார்த்தார். பிறகு டப்பாவைக் கவிழ்த்து இன்னும் ஏதாவது விழுகிறதா என்று தட்டினார். ஒன்றும் விழவில்லை.

அந்த ஜிக்கைப் பலகையோடு பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், கிளாம்பைத் திருகி இறுக்க ஒரு கை வேண்டும். அவளுக்கு அது அப்போதுதான் புரிந்தது.

"நான் பிடிச்சுக்கறேன்," என்றாள்.

பின்னறைத் தரையில் மண்டி போட்டு, பலகையையும் ஜிக்கையும் சேர்த்து அமுக்கிக்கொண்டாள். அவர் கிளாம்பைத் திருகினார். இடது கைக்குத் திருகுகிற திசை பழகவில்லை. இறுகியது என்று நினைத்து டிரில்லை எடுத்தார். துளை போடுகிற பிட் குழலுக்குள் போய்ச் சுழன்றதும் ஜிக் அவள் விரலுக்கடியிலேயே நழுவியது. அவள் கத்துவதற்குள் பலகையின் நல்ல முகத்தைக் கிழித்துக்கொண்டு பிட் வெளியே வந்துவிட்டது.

மகளுக்காகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பலகை. அவர் டிரில்லை நிறுத்தி அதைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பலகை மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

மறுநாள் அவள் ஜிக்கைத் துடைத்து டப்பாவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனாள். பிரித்த சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்றார் கடைக்காரர். அழுதுவிடக்கூடாதே என்று வேகமாகப் பேசப் போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். "முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா அந்த நெம்புகோல்காரனைத்தான் கொடுத்திருப்பேன். ஒரு கையால இழுத்தா அதுவே பலகையைக் கவ்விக்கும்." அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இருந்த ஒண்ணும் காலையில வித்துப் போயிடுச்சே. வந்தா போன் பண்றேன்."

போன் வருவதற்கு முன்னால் கொழுந்தன் வந்துவிட்டான்.

லிஃப்ட்காரரின் தம்பிக்கு வீட்டில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். விளம்பரப் பலகைகள் மாட்டுகிற வேலை. எதையும் நின்று யோசிக்கிற வழக்கம் கிடையாது, ஆனால் தங்கமான மனசு. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள்கூட விட்டுப் பிரியாமல் கிடந்தவன். அலமாரி பாதியில் நிற்கிறது என்று மகள் பேச்சுவாக்கில் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். விடுமுறை நாள் காலையில் ஆணி அடிக்கிற துப்பாக்கியும் பசை டப்பாவுமாக வந்து இறங்கினான்.

"அண்ணே, நீ ஜம்முனு உக்காரு. மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன்."

"வேண்டாம்," என்றார் லிஃப்ட்காரர்.

"சரி, வேண்டாம் வேண்டாம்," என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் பின்னறைக்குப் போனான். அந்த வீட்டில் அந்தச் சொல் வாங்க, உக்காருங்க என்கிற மாதிரி ஆகியிருந்தது.

முதல் ஆணி இறங்கிய சத்தம் கேட்டதும் லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தடியை ஊன்றிக் காலை இழுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தம்பி அடுத்து அடிக்கப் போகிற இடத்தில் இடது உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"வேண்டாம்."

"அண்ணே, கையை எடு. பட்டுடப் போவுது."

"வேண்டாம்."

எக்ஸ்பிரஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அண்ணி, என்ன சொல்றாரு?"

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். இப்போது திரை உடையவில்லை, லைன் அறுந்து போகவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது முகம். அவர் சொல்வது என்ன என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. பல மாதங்களில் முதல் தடவையாக அந்தச் சொல் அதன் சொந்த அர்த்தத்திலேயே வந்திருந்தது.

ஆனால் மகள் குடிபோகிற நாள் நெருங்கிவிட்டது. கொழுந்தன் தன் ஓய்வு நாளை விட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பலகைகளைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கி அவளுக்கும் இடுப்பு விட்டுப் போயிருந்தது. அந்த அறை காலியானால் போதும் என்று இருந்தது.

"ஒண்ணுமில்ல தம்பி," என்றாள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு சொல்றார்."

"எனக்கென்ன சிரமம்," என்று அவன் சிரித்தான்.

லிஃப்ட்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பலகை மேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தடியைத் தேடி எடுத்து, வந்த வழியே திரும்பிப் போனார்.

அலமாரி சொன்னபடி மத்தியானத்துக்குள் முடிந்தது. நன்றாகவே இருந்தது. கிழிந்த பலகையைக் கீழ்த்தட்டாகக் கவிழ்த்துப் போட்டு, கிழிசலே தெரியாதபடி செய்திருந்தான் எக்ஸ்பிரஸ். மகள் புத்தகங்களை அடுக்கி, போட்டோ எடுத்து அனுப்பினாள். 'அப்பா கைவேலை' என்று கீழே எழுதியிருந்தாள். அவர் போட்டோவைப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சி டீச்சர் படங்களைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். இருந்த ஒரு சொல்லும் போய்விட்டதா என்று கவலையோடு கேட்டார். அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. தட்டில் போட்டதை அவர் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டால் சுவரைப் பார்த்தார். முன்பு வேண்டாம் வேண்டாம் என்று காது புளிக்கக் கேட்டு எரிச்சல் பட்டிருக்கிறாள். இப்போது அந்த ஒரு சொல்லுக்காக, வேண்டாத கேள்விகளையெல்லாம் வேண்டுமென்றே கேட்டாள். ஜன்னலைச் சாத்தவா? ரேடியோ போடவா? சண்டைக்காவது வாங்களேன்? ஒன்றும் நடக்கவில்லை.

கடைக்காரர் போன் செய்தார். சாமான் வந்துவிட்டதாம்.

இந்தத் தடவை அவள் தனியாகப் போகவில்லை. வாடகைக் கார் பிடித்து அவரையும் ஏற்றிக்கொண்டாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கடை வாசலில் படி உயரமாக இருந்தது. எப்படி ஏற்றுவது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் ஜிக்கைத் தூக்கிக்கொண்டு காருக்கே வந்துவிட்டார். "பிடிச்சிருக்கான்னு பாருங்க சார்," என்று அவர் மடியில் வைத்தார். ஐயோ பாவம் எல்லாம் சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் அதைக் கொஞ்ச நேரம் தொடவே இல்லை. பிறகு இடது கையால் நெம்புகோலை இழுத்தார். முன்னால் இருந்த கட்டை நகர்ந்து வந்து இறுகியது. விட்டார். மறுபடி இழுத்தார்.

"அன்னிக்கு எனக்குப் புரிஞ்சுதுங்க," என்றாள் அவள். கடைக்காரர் பக்கத்தில் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை. "புரிஞ்சேதான் தம்பிகிட்ட மாத்திச் சொன்னேன்."

அவர் நெம்புகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்பதே தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவரிடம் சொல் இல்லை. மன்னிக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவள் என்ன பதிலை எதிர்பார்த்துச் சொன்னாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை. ஜிக்கை வாங்கிக் கட்டச் சொன்னாள். கடையிலேயே நீளமாகக் கொஞ்சம் பலகையும் அறுத்து வாங்கிக்கொண்டாள்.

பின்னறையில் அவர் விரல் காட்டக் காட்ட, அவள் ஜிக்கைப் பெஞ்சில் வைத்துத் திருகினாள். எவ்வளவு ஆழம் போகலாம் என்று பிட்டில் ஒரு வளையம் மாட்ட வேண்டியிருந்தது. அதைத் தப்பாக மாட்டினாள். அவர் தலையை ஆட்டினார். கழற்றி மாட்டினாள். அதுவும் தப்பு. பிறகு அவரே பிட்டை முழங்காலுக்கு இடையில் கவ்விக்கொண்டு, வளையத்தோடு வந்த சின்னத் திருகுச் சாவியை இடது கையில் பிடித்து, வளையத்தை நகர்த்தி இறுக்கினார். அவர் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. துடைத்துவிடலாமா என்று கையைக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பலகையைச் செருகி நெம்புகோலை இழுத்தார். டிரில் ஓடியது. ஜிக் அசையவில்லை. சாய்வாக, சுத்தமாக ஒரு துளை. அவள் இரண்டு பலகைகளையும் செங்குத்தாகச் சேர்த்து அமுக்கிக்கொள்ள, அவர் திருகை இறக்கினார். இடது கை ஆட்டத்தில் திருகு கோணிக்கொண்டு போனது, சேர்ந்த இடத்தில் மெல்லிய இடைவெளி தெரிந்தது. முன்பு அவர் வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் அவரே பிரித்துப் போட்டிருப்பார்.

"இறுகிடுச்சா?" என்று கேட்டாள். அவர் சேர்ந்த இடத்தை விரலால் தடவினார். "என்ன செய்யறீங்க, முக்காலியா? பெட்டியா?"

அவர் மரத்தூளை வாயால் ஊதிவிட்டு, அடுத்த பலகைக்குக் கை நீட்டினார். எந்தப் பலகை என்று அவளுக்குத் தெரியவில்லை. கிட்டத்தில் இருந்ததை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.