தொண்ணூற்றெட்டு கேபியில் ஒரு கழுத்து

1

இந்தக் கதையை ஒரு வலைப்பக்கத்தின் அடியிலிருந்து எடுத்தேன். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஒரு பத்திரிகைக்கு என் புகைப்படம் வேண்டியிருந்தது, கோப்பின் அளவு நூறு கேபிக்கு (கிலோபைட்) மேல் போகக்கூடாது என்றார்கள். என் முகத்துக்கு அதுவே தாராளம். உலாவியிலேயே படத்தைச் சின்னதாக்கித் தரும் பக்கம் ஒன்றைத் திறந்தேன். அடியில் எறும்பு அளவு எழுத்தில் இப்படி இருந்தது: “உங்கள் படம் உங்கள் கணினியை விட்டு எங்கும் போகாது.”

எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னிடம் யாராவது ஒரு ரகசியம் சொன்னால் ஆறு மாதத்தில் அது அச்சில் வந்துவிடும். வீட்டில் என் எதிரே பேசுவதையே குறைத்துக்கொண்டுவிட்டார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, வெளியே மழை, கண் சொருகியது. அந்த அரைத் தூக்கத்தில்தான் இரண்டு பெண்கள் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து ஒரு திரையைப் பார்ப்பது தெரிந்தது.

2

முதல் தொடக்கம்: “அவள் கழுத்தில் ஒரு தழும்பு இருந்தது.” அடித்துவிட்டேன். எல்லாரும் அவளை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது: “மழைக்கால மதியமொன்றில், செருப்புக் கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளின் வாசனைக்கு நடுவே” (வினைச்சொல் வருவதற்குள் எனக்கே சலித்துவிட்டது.)

சரி, அந்த இருவரில் அக்காவிலிருந்து தொடங்குகிறேன். அவளுக்குக் கடையில் கேபி என்று பெயர். செருப்புகளைப் படம் எடுத்து, சின்னதாக்கி, கடையின் வலைத்தளத்தில் ஏற்றுவது அவள் வேலை. நாள் முழுக்க “எத்தனை கேபி, எத்தனை கேபி” என்று முனகியதில் வந்த பெயர் அது. அவள் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் திறந்த அதே வலைப்பக்கத்தில் படத்தைப் போட்டதும் தரத்தை அறுபதுக்கு இழுப்பாள், “வழவழப்பாக்கு” என்ற சிறு கட்டத்தில் ஒரு டிக் அடிப்பாள். தோலில் இருக்கும் கீறலெல்லாம் மறைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வாள்.

3

தங்கை கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். பக்கத்து இருக்கையில் இருந்தபடி முன்பின் தெரியாதவர்களை நடுங்காமல் பார்த்துக்கொள்வாள். கழுத்தைச் சுற்றித் துணி எப்போதும் இருக்கும். காதின் அடியிலிருந்து தோள் வரை தழும்பு.*

(* எப்படி வந்தது என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஆசிரியர் எனக்கு ஒதுக்கிய இடம் குறைவு, அதனால் எடுத்துவிட்டேன். இது பொய். ஏன் எடுத்தேன் என்று பிறகு சொல்கிறேன்.)

ஒரு மருத்துவமனை, பழைய தழும்புகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கிறது. தழும்பு தெளிவாகத் தெரியும் படம் வேண்டும், நூறு கேபிக்குள், இன்று ஐந்து மணிக்குள். தங்கை ஏழு வருடமாகக் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் போன வருடம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படம், ஸ்டுடியோக்காரர் போனிலிருந்து ஊர் சுற்றி, அவளிடம் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் போனுக்கே வந்து சேர்ந்திருந்தது. அதிலிருந்து கேமரா என்றாலே அவளுக்கு ஆகாது.

அதனால் செருப்புகளுக்குப் போடும் அதே விளக்கின் கீழே அக்காவே படம் எடுத்தாள்.

“இது வேற எங்கயும் போகாதே?”

“போகாதுடி. இங்க எழுதியே இருக்கு பாரு.”

“எழுதியிருந்தா நம்பிடுவியா? அந்த ஸ்டுடியோக்காரரும் சுவத்துல என்னென்னமோ எழுதித்தான் வச்சிருந்தாரு.”

கேபி குனிந்து இணைய வயரைப் பிடுங்கித் தங்கையின் மடியில் போட்டாள். “இப்ப நம்புறியா? பக்கம் ஏற்கெனவே தெறந்திருக்கு. நெட் இல்லாமலே வேலை செய்யும். ஸ்க்ரீன்ல இந்த ஜன்னலை மூடினா அதுவும் மறந்துடும்.”

4

இங்கேதான் தப்பு நடந்தது. பேச்சு தங்கையோடு, கை செருப்போடு. அறுபதுக்கு இழுத்தது, டிக் அடித்தது. வட்டம் சுற்றி நின்றது.

திரையில் படம் இரண்டாக வந்தது, நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. கோட்டை இழுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வலப்பக்கத்துக் கழுத்தில் எதுவும் இல்லை.

“ஐயோ, தப்பா டிக் அடிச்சிட்டேன். இரு, மாத்திடறேன்.”

“தொடாதக்கா.”

தங்கை மவுஸை வாங்கிக்கொண்டாள். கோட்டை வலப்பக்கம் தள்ளினாள், தழும்பு வந்தது. இடப்பக்கம் இழுத்தாள், போனது. வந்தது, போனது. மழைச் சத்தம் எங்கோ தள்ளிப் போயிற்று. ஏழு வருடத்துக்கு முந்தைய ஒருத்தி அந்தக் கோட்டுக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வருவதும், திரும்ப உள்ளே போவதுமாக இருந்தாள். கேபிக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

(இந்த இடத்தில் அக்கா அழுவதாக எழுதினேன். அவள் அழுகிற ஆள் இல்லை. அழுதது நான்.)

“இத அனுப்பிடலாமா?” என்றாள் தங்கை.

“அனுப்பினா ஆபரேஷன் கெடைக்காதுடி. ஒண்ணுமே இல்லாத கழுத்துக்கு என்னத்தப் பண்ணுவாங்க?”

“தெரியும். சும்மா கேட்டேன்.”

5

கேபி டிக்கை எடுத்தாள். தரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். தொண்ணூற்றெட்டு கேபி. தழும்பு முழுசாக, ஒரு மடிப்பும் விடாமல் இருந்தது.

மணி நான்கு ஐம்பது. வயர் இன்னும் தங்கையின் மடியில்.

முடிவுகள் என்னிடம் இருந்தன. ஒன்றில் அவள் ஜன்னலை மூடிவிடுகிறாள், இரண்டு கழுத்தும் போய்விடுகின்றன. இன்னொன்றில் பத்தாவது ஆளாகத் தேர்வாகிறாள். அதைப் படித்துவிட்டு நானே சிரித்தேன், அவ்வளவு சர்க்கரை. மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. தானே குனிந்து வயரை மாட்டினாள். மருத்துவமனையின் விண்ணப்பப் பக்கத்தில் “அனுப்பு” என்ற பொத்தானின் மேல் விரலை வைத்தாள்.

“அக்கா, அந்தப் பக்கம் யாரு இருப்பாங்க?”

“டாக்டருங்கதான்.”

“அவங்களும் மொதல்ல கழுத்தத்தான் பாப்பாங்களா? எப்படி வந்துச்சுன்னுதான் கேப்பாங்களா?”

கேபி கடிகாரத்தைப் பார்த்தாள். பதிலை நான்தான் தேட வேண்டியிருந்தது. மருத்துவர் ஒருவரை எழுதிப் பார்த்தேன், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், அவ்வளவுதான், நிஜமாக வரவில்லை. பிறகுதான் புரிந்தது, அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று. மூன்றாம் பகுதியிலிருந்து, தழும்பு எப்படி வந்தது என்ற கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு, அந்த உடுக்குறிக்கு (*) பதில் வரும் என்று காத்துக்கொண்டு. நீங்கள்தான்.

அது வராது. அது அவளுடைய ஜன்னலுக்குள்ளேயே இருக்கட்டும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது நான் ஒன்றை வெளியே விடாமல் இருந்தேன் என்று இருக்கட்டும்.

மணி நான்கு ஐம்பத்தாறு. விரல் பொத்தான் மேல்தான் இருக்கிறது. படம் வந்தால் முதலில் அவள் கண்ணைப் பார்ப்பீர்களா? சொல்லுங்கள், அவள் அழுத்தட்டும்.