மூன்றில் எதை எடுத்துக்குவீங்க?

1.

இது கதையாகப் பிறக்கவில்லை, கட்டுரையாகப் பிறந்தது. எங்கள் பென்சில்வேனியாப் பள்ளத்தாக்கின் துப்பாக்கி சுடும் மன்றத்துக்கு ஒரு மாத இதழ் உண்டு. நான்கு பக்கம், அதில் ஒரு பக்கம் டிராக்டர் விளம்பரம். "பழைய ராணுவ ரைஃபிள்களில் சொந்தமாக வைத்துக்கொள்ள எது நல்லது?" என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னான் மன்றச் செயலாளர் வெர்ன் கிரைடர். நான் இங்கே வெகுகாலமாக மாட்டு டாக்டர். மன்றத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள். அதாவது, யாருக்கும் புரியாமல் திட்டத் தெரிந்த ஒரே ஆள்.

ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன், அச்சாகிவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். அதையே தமிழில் கதையாக்கிப் பார்ப்போமே என்று இன்று காலையில் உட்கார்ந்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "எமரி யோஸ்டிடம் மூன்று ரைஃபிள்கள் இருந்தன."

[இருந்தனவா? இருக்கின்றன ஐயா. மனிதர் நான்கு மைல் தள்ளிக் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். இந்த இறந்தகாலம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? அடித்துவிட்டேன்.]

இரண்டாவது முயற்சி: "வசந்தத்தில் தன் கறவை மாடுகளை எல்லாம் விற்ற பிறகும் எமரி யோஸ்ட் கறவை நேரத்துக்கு எழுந்து, வெறும் தொழுவத்தில் விளக்கைப் போட்டுவிட்டு"

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எமரியின் சமையலறை. மேசைமேல் பழைய குளியல் துண்டு விரித்து மூன்றையும் வரிசையாகக் கிடத்தியிருந்தார்: பெல்ஜியத்து எஃப்.ஏ.எல்., ஜெர்மனியின் ஜி-3, அமெரிக்காவின் எம்-14. பால் விலை நன்றாக இருந்த வருடங்களில் ஒவ்வொன்றாக வாங்கியவை. எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டிருந்தது. நான் கட்டுரைக்குக் குறிப்பு எடுக்க வந்தவன். வெர்ன் சண்டை போட வந்தவன்.

"எஃப்.ஏ.எல்.தான்," என்றேன். "தோட்டா கொஞ்சம் மட்டமா இருந்தாலும் ஒரு திருகைத் திருகி வாயுவைக் கூட்டிக்கலாம். எந்த மண்ணுலயும் வேலை செய்யும்."

"திருகிக்கிட்டே இரு, மான் பொண்ணு பார்த்துக் கல்யாணம் பண்ணி குட்டி போட்டுடும்," என்றான் வெர்ன். "எம்-14 எடுத்துத் தோள்ல வெச்சுப் பாரு. மரக்கட்டை, நல்ல குறிக்கண்ணு. நம்மூர் சாமான்யா!"

"ஜி-3?" என்று கேட்டார் எமரி.

"சுட்டா காலித் தோட்டா அடுத்தவன் சோளக்காட்டுல போய் விழும். பொறுக்கறதுக்கு வண்டி எடுக்கணும்," என்றான் வெர்ன்.

எமரி சிரித்தார். சிரித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

3.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

அவர் கேட்டது ஆங்கிலத்தில். அந்த ஆங்கில வினைச்சொல் ஒன்றுதான், 'டேக்' என்ற சின்னச் சொல். கட்டுரையில் அது எந்தக் குழப்பமும் இல்லாமல் போய்விட்டது. தமிழில் முதலில் இப்படி எழுதினேன்:

"மூணுல எதைத் தேர்ந்தெடுப்பீங்க?"

எமரி அப்படிப் பேசமாட்டார். வாத்தியார் பேசுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, அவர் வாயிலிருந்து வருகிற மாதிரியே எழுதினேன்:

"மூணுல எதை எடுத்துக்குவீங்க?"

என் கை நின்றுவிட்டது. அவர் கேட்டது இதுதான். எது சிறந்தது என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை.

[மீதிப் பேச்சை நினைவிலிருந்து எழுதுகிறேன். வெர்ன்: "எம்-14. சந்தேகமே இல்ல." எமரி: "சரி, அப்ப அது உனக்கு." வாதத்தில் தான் ஜெயித்ததாக நினைத்து வெர்ன் மேசையைத் தட்டினான். "டாக்டருக்கு எஃப்.ஏ.எல்.," என்றார் எமரி. நான் அதையும் குறித்துக்கொண்டேன். அடப்பாவி, குறித்துக்கொண்டேன்!]

துப்பாக்கி தெரியாதவன் அங்கே இருந்திருந்தால், "ஏன் எல்லாத்தையும் குடுக்கிறீங்க?" என்று கேட்டிருப்பான். எங்களுக்கு எடையும் தூரமும் தெரியும், அதனால் கேட்கவில்லை.

4.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு.* ஒருவனுக்குப் பொல்லாத காலம் வந்தால் சிநேகிதன் வந்து, "என் பெட்டகத்துல இடம் இருக்கு," என்பான். அவ்வளவுதான். காரணம் சொல்வதும் இல்லை, கேட்பதும் இல்லை. துப்பாக்கிகள் வண்டியில் ஏறும், காலம் தெளிந்ததும் திரும்பும். மனைவி விட்டுப்போன குளிர்காலத்தில் வெர்னுடையவை என் வீட்டில்தான் இருந்தன.

* வழக்கம் என்று எழுதிவிட்டேன். அதைச் சொல்ல நாக்கு எழும்பாது. 'உன்னை உன்னோடு தனியே விட எனக்குப் பயம்' என்று ஒரு ஆளின் முகத்துக்கு நேரே சொல்வது அது.

வெர்னைப் போனில் கூப்பிட்டேன். எமரி கேட்டதன் அர்த்தத்தைச் சொன்னேன்.

"மான் வேட்டைக்கு இந்த வருஷம் வரலைன்னு சொன்னான்யா," என்றான். "முழங்கால் வலின்னு நெனச்சேன்." பிறகு, "கிளம்பு, நான் வண்டி எடுக்கறேன்."

5.

முடிவு, முதல் வகை: எமரி கோபப்பட்டுக் கதவைச் சாத்துகிறார். பிறகு தானே திறக்கிறார்.

முடிவு, இரண்டாம் வகை: மூவரும் அழுகிறோம். [வெர்ன் அழமாட்டான். அடி.]

நடந்தது வேறு.

"என் பெட்டகத்துல இடம் இருக்கு, எமரி," என்றான் வெர்ன்.

"தெரியும்டா," என்றார். கோபம் இல்லை, வெட்கம் இல்லை. மூன்றையும் உறையோடு தயாராக வைத்திருந்தார். "எடுத்துக்கோங்க."

"வசந்தத்துல திருப்பிக் கொண்டு வர்றோம்," என்றேன்.

"எதுக்கு டாக்டரே?"

காப்பாற்ற வந்தோமா, சொத்து வாங்க வந்தோமா? இரண்டுக்கும் அவருக்கு ஒரே சொல்தான். வெர்ன் அவர் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நான் போகவில்லை.

6.

இதை எமரியின் சமையலறை மேசையிலிருந்துதான் எழுதுகிறேன். மருத்துவமனைக்குப் போவோம், நானே கூட்டிப்போகிறேன் என்றேன். மாட்டு டாக்டர் சொல்லி மனுஷன் போவதா என்றார். அவர் தங்கைக்குப் போன் செய்தேன், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தூரத்து ஊர்க்காரி, வரப் பொழுதாகும். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எந்த நயமான சொல்லும் இல்லை.

"என்ன எழுதறீங்க?" என்கிறார்.

"அந்த ரைஃபிள் விஷயம்தான். தமிழ்ல."

"எது ஜெயிச்சுது?"

சொல்லத் தெரிந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?

"டாக்டரே, உங்களுக்கு வேற வேலை இல்லையா? யார் வீட்டு மாடாவது கன்னு போடும். வீட்டுக்குப் போங்க."

"இதை முடிச்சுட்டுப் போறேன்."

"சரி. சீக்கிரம் முடிங்க," என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் பேனாவையே பார்க்கிறார். காத்திருக்கிறார்.

முடிவு வேண்டுமென்றால் நீங்கள் யாராவது போட்டுக்கொள்ளுங்கள். நான் போட்டால் எழுந்து போக வேண்டியிருக்கும். அதனால் அடுத்த வரியில் எஃப்.ஏ.எல்.லின் எடையைப் பற்றி எழுதப் போகிறேன், அதற்கடுத்த வரியில் ஜி-3யின் எடை, பிறகு