உப்பு போகக் கழுவிய மணல்

குமாரவேல் நல்லது செய்யத்தான் போனான். அதுதான் வினையாகிப்போனது.

தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் ஸ்கூட்டி சறுக்கி, அவன் மனைவி கார்குழலி தொடை எலும்பு முறிந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இரண்டு மாதமாவது ஆகுமாம். துணைக்கு அவள் அக்கா இருந்தாள். குமாரவேல் தினமும் மாலையில் போய்ப் பார்ப்பான். வலியைப் பற்றி அவள் வாயே திறக்கமாட்டாள். "எஞ்செடிக்குத் தண்ணி ஊத்தினியா?" என்பதுதான் முதல் கேள்வி.

செடி என்றால் ஆர்க்கிட். அவள் அறை சுத்தம் செய்யும் விடுதியில் யாரோ தங்கிவிட்டு, பூ உதிர்ந்ததென்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனது. எடுத்துவந்து மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்து, இரண்டு தடவை பூக்கவும் வைத்துவிட்டாள். அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

குமாரவேல் வம்பாகீரப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். கடலைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடுகிறதே என்று தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். உள்ளே மரப்பட்டையும் கரித்துண்டும்தான்; ஒரு பிடி மண் கிடையாது. பாவம், மூன்று வருஷமாகப் பட்டினி கிடந்திருக்கிறது என்று இரக்கப்பட்டு, கடற்கரை மணலை அள்ளி நிறைத்து அழுத்தி நட்டான். அந்த மணலில் அடம்பங்கொடி தழைக்கவில்லையா?

பத்தே நாள். இலைகள் மஞ்சளாகிக் கழன்றன. பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் கருத்து, விரல் பட்டதும் கூழாகின. அன்று மாலை அவள் கேட்டபோது, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

மறுநாள் செடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நர்சரிக்கு ஓடினான். நர்சரிக்காரர் புருஷோத்தமன் தலையில் அடித்துக்கொண்டார்.

"மணல்ல வெக்கலாம்பா, தப்பில்ல. ஆனா உப்பு இருக்கக் கூடாது. பொடி மணலும் ஆவாது, மூச்சடைச்சிடும். தண்ணியவிட காத்தத்தான் இந்த வேரு கேக்கும்."

"பொழைக்குமா?"

"ஒரே ஒரு வேரு பச்சையா இருக்கு. பாரு."

வீட்டுக்கு வந்து கருத்த வேரையெல்லாம் நறுக்கி, புருஷோத்தமன் சொன்னபடி வெட்டிய இடத்தில் மசாலாப் பட்டைத்தூள் தடவினான். கூனி இறால் வலையை மடித்து மணலைச் சலித்தான். பொடி போக, குருணை பருமனில் நின்றதை மட்டும் எடுத்துக் கழுவினான். ஒவ்வொரு கழுவலிலும் வடித்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தான். கரித்தது. கருவாட்டுக்கு உப்புப் பார்த்துப் பழகிய நாக்கு, அதை ஏமாற்ற முடியாது. பதினோராவது கழுவலில்தான் வெறும் தண்ணீர் ருசி வந்தது. பழைய கரித்துண்டுகளையும் கலந்து, தண்ணீர் பாட்டில் ஒன்றைக் குறுக்கே அறுத்து ஓட்டை போட்டு, அதில் செடியை வைத்து நிழலில் நிறுத்தினான்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அதே பொய்.

இருபத்துமூன்றாம் நாள் காலை இலைக்கடியில் ஒரு பச்சைப் பொட்டு தெரிந்தது. முளைகட்டிய பயறின் மூக்கு அளவுதான். நாலு நாளில் அது வளைந்து மணலுக்குள் இறங்கியது. அது போவது பாட்டிலின் ஊடே வெளியே தெரிந்தது. கரித்துண்டு குறுக்கிட்டால் சுற்றிப் போனது. போகிற போக்கில் மணல் பருக்கைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. கண்ணே இல்லாத ஒன்று வழி கண்டுபிடிக்கிறதே! தண்ணீர் தெளித்தால், வெள்ளியாய் இருந்த வேர் அவன் பார்க்கப் பார்க்கப் பச்சையானது. முப்பது வருஷம் கடலோடியவன், புயலில் சிக்கி மீண்டவன், சுண்டுவிரல் நீளத்து வேருக்கு முன்னால் குந்தியிருந்தான். தன்னையறியாமல் கைகூப்பிவிட்டான்.

கார்குழலி வாக்கரை ஊன்றிக்கொண்டு வீடு வந்து, நேராகச் செடியிடம் போனாள். ஆறு இலை இருந்த செடியில் இரண்டுதான் மிச்சம்.

"நாந்தான் குழலி. கடக்கரை மணல்ல வெச்சி வேரையெல்லாம் நாசம் பண்ணிட்டேன். ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்யா. மூணு வருசமா அத வெங்காயம்னு கிண்டல் பண்ணவன் நீ. திடீர்னு நல்லா இருக்குன்னா எனக்குத் தெரியாதா? செத்துடுச்சின்னு அன்னைக்கே போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு அழுது முடிச்சிட்டேன்."

அப்போதுதான் பாட்டிலைக் குனிந்து பார்த்தாள். மணலுக்குள் மூன்று வேர்கள், பச்சை நுனியோடு. தொட்டியில் வளர்த்த இத்தனை வருஷத்தில் உள்ளே இருந்த வேரை அவள் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. வேரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாற்காலி போடுய்யா" என்றாள். "ஒனக்கும் ஒண்ணு போட்டுக்க."