நாலு ஸ்பீக்கர் போன்

திருப்பூர் வேலம்பாளையத்தில், பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில், காலை பத்தே கால் ஆனால் செல்போன் பேச்சுதான். பேச்சை ஆரம்பிப்பவர் சோணைமுத்து, முடிப்பவரும் அவரே. மானாமதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்து, இருபத்திரண்டு வருடமாக நிட்டிங் மிஷின்களோடு மல்லுக்கட்டுகிற ஃபிட்டர். நோக்கியா கட்சி. கையில் இருந்தது பழைய 6600தான் என்றாலும், அவர் பேசுவதைக் கேட்டால் நோக்கியா கம்பெனியே அவருடையதோ என்று தோன்றும்.

எதிர்க்கட்சி, கட்டிங் மாஸ்டர் தங்கதுரை. அவிநாசிப் பக்கத்துக்காரர். சோனி எரிக்சன் வாக்மேன் போன் வைத்திருந்தார்.

"அண்ணா, நம்மளுக்குப் பாட்டுத்தானுங்க வேணும். இதுல கேட்டுப் பாருங்க, தபேலா தனியா வயலின் தனியாக் கேக்கும்" என்பார் தங்கதுரை.

"கச்சேரியா பண்ணப் போற? போன்னா உள்ள ஓடுற சிம்பியான் முக்கியம்ப்பா. கம்ப்யூட்டர் செய்யுற வேலைய இது செய்யும். போன மாசம் மாடிப்படியில உருண்டுச்சு. பேட்டரியக் கழட்டி மாட்டுனேன், எந்திரிச்சு உக்காந்துருச்சு."

"அப்ப உருட்டறதுக்குத்தான் வாங்குனீங்களாக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். சோணைமுத்து அதற்கு முன்பே அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். மெகாபிக்சல், ப்ளூடூத், மெமரி கார்டு என்று விடாமல் அடுக்குவார். போன் வாங்கப் போகிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள்.

அவர் ஏன் அப்படி விடாமல் பேசினார் என்பது யாருக்கும் தெரியாது. தான் பேசிக்கொண்டிருக்கும் வரை அடுத்தவர் பேசுவதைக் கேட்கத் தேவையில்லை. சோணைமுத்துவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

முதலில் இடது காதில் ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்தது. பிறகு வலது காதும் மந்தமானது. மிஷினில் ஓர் ஊசி உடைந்தால் பத்து மிஷினுக்கு அப்பாலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். இப்போது சோணைமுத்து ஒவ்வொரு மிஷினாகப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், துணியில் கோடு விழுகிறதா என்று குனிந்து பார்த்தார். காது கேட்காத ஃபிட்டரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? மனைவி பாண்டியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், "வேற நெனப்புல இருந்தேன்" என்றுவிடுவார்.

வீட்டில் தப்பித்துக்கொண்டவரால் போனில் தப்பிக்க முடியவில்லை. ஒரே மகள் அபிராமியை மானாமதுரைக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை ராஜ்கமல் லாரி டிரைவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும். முகம் தெரிந்தால் உதட்டைப் பார்த்துச் சமாளிக்கலாம். போனில் என்ன செய்வது? "சரி தாயி, சரி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் பாண்டியம்மாளிடம் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு அந்த ஒரு போன்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆடி மாதம் அவர் ஒரு சைனா போனோடு டீக்கடைக்கு வந்தார். செங்கல் கனம், பேர் தெரியாத கம்பெனி, முதுகில் நாலு ஸ்பீக்கர்.

"ஏனுங்கண்ணா, நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா?" என்றார் தங்கதுரை. நிஜமாகவே வருத்தப்பட்டது போல இருந்தது அவர் முகம்.

"ரெண்டு சிம்மு போடலாம்ப்பா. டிவி தெரியுது. நோக்கியா இதெல்லாம் குடுப்பானா?"

அன்றிலிருந்து கேலி நிற்கவில்லை. திருவிழா மைக்செட் வந்துவிட்டது என்பார்கள். சோணைமுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வாங்கிய அன்று செல்போன் கடையில் அதைக் காதில் வைத்தபோது, எதிர்முனையில் கடைக்காரர் சொன்ன "ஹலோ" மண்டைக்குள் வந்து விழுந்தது. அது போதும் அவருக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை அபிராமி கூப்பிட்டாள். முழுகாமல் மூன்று மாதம் என்று சொன்னாள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. போனைக் கொடுக்காமல் பத்து நிமிஷம் அவரே பேசியதைப் பார்த்துப் பாண்டியம்மாள், "எங்கிட்டயும் குடுங்க, நாந்தான் பெத்தவ" என்றாள்.

நாலைந்து மாதம் அப்படிப் போயிற்று. கார்த்திகையில் பேப்பரில் செய்தி வந்தது. அடையாள எண் இல்லாத சைனா போன்களுக்கெல்லாம் நவம்பர் முடிவோடு லைன் கிடைக்காதாம். தங்கதுரை அவர் போனை வாங்கி ஏதோ அமுக்கிப் பார்த்தார்.

"அண்ணா, எல்லாம் பூஜ்யமா வருதுங்க. செல்போன் கடையில நம்பர் ஏத்தித் தர்றாங்களாமா. போயி ஏத்திருங்க."

"இப்படித்தான்ப்பா சொல்லுவாங்க" என்றார் சோணைமுத்து. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது, இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் முதல் தேதி காலையில் போனில் டவர் இல்லை. கடைக்கு ஓடினார். தெரு வரை கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். சிம்மைக் கழற்றிப் பழைய நோக்கியாவில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம், மிஷின்களுக்கு நடுவே நிற்கும்போது போன் சட்டைப்பையில் அதிர்ந்தது. தெரியாத நம்பர். வெளியே வந்து காதில் வைத்தார். "அப்பா" என்றது மட்டும் தெரிந்தது. அதன் பிறகு தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுவது போல இருந்தது. கால் என்றாளோ, நாள் என்றாளோ. கடைசியில் குரல் கேள்வி போல உயர்ந்து நின்றது.

"சரி தாயி, சரி. ஒடம்பப் பாத்துக்க" என்றார். லைன் போய்விட்டது.

ராத்திரி பாண்டியம்மாளிடம், "புள்ள பேசுச்சு, நல்லா இருக்காம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் காத்திருந்து நம்பர் ஏற்றி வந்தார். திங்கட்கிழமை காலை அதே சைனா போனில் ராஜ்கமல் மதுரைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து பேசினான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்டது.

"மாமா, நாக்பூர் லோடு எறக்கிட்டு இன்னைக்குத்தான் வந்தேன். அவளுக்கு வலிப்பு வந்துருச்சு. வயித்துப் புள்ள தங்கல மாமா."

பஸ்ஸில் பாண்டியம்மாள் அழுதுகொண்டே வந்தாள். வியாழக்கிழமை மகள் என்னதான் பேசினாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சோணைமுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அபிராமி வெளுத்துப்போய்க் கட்டிலில் கிடந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. கட்டிலுக்கடியில் ஜிப் மூடிய துணிப்பை ஒன்று இருந்தது. மகள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், உதடு லேசாக அசைந்தது. சோணைமுத்து குனிந்தார். ஒன்றும் விளங்கவில்லை. பழக்கத்தில் தலையை ஆட்டினார்.

"எதுக்குத் தலைய ஆட்டுறீங்க?" என்றாள் பாண்டியம்மாள். அவர் திரும்பவில்லை. அவள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு ஏதோ புரிந்தது. வாயை அவர் காதோடு வைத்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்.

"ஏம்ப்பா வரலன்னு கேக்குறா."

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வியாழக்கிழமை அபிராமி கடைத்தெருவில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். கால் வீங்குகிறது, கண் இருட்டுகிறது, வாயும் வயிறுமாக இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்கிறாள் மாமியார், நீ வந்து என்னைத் திருப்பூருக்குக் கூட்டிப்போகிறாயா என்று கேட்டிருக்கிறாள். சரி தாயி என்றிருக்கிறார் அப்பா. அவள் வீட்டுக்குப் போய்த் துணிகளைப் பையில் எடுத்துவைத்து, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்பா சரி என்று சொல்லிவிட்டாரே, எதற்கு இன்னொரு தடவை கேட்பது என்று இருந்துவிட்டாள்.

"எனக்குக் காது கேக்கலத்தா" என்றார் சோணைமுத்து. "ரெண்டு வருசமாவே கேக்கல." அந்தச் சொற்களை அவர் முதன்முதலாகச் சொன்னது அங்கேதான். அபிராமி அவரைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மகளை வேலம்பாளையத்துக்குக் கூட்டிவந்து மூன்று மாதம் வைத்திருந்தார்கள். சோணைமுத்து முதலாளியிடம் தானே போய்ச் சொன்னார். அவர் திட்டவில்லை. நூல் குடோனுக்கு மாற்றினார். காது டாக்டர், நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார். தங்கதுரை டீக்கடையில் அவருடைய வலது பக்கமாக வந்து உட்கார ஆரம்பித்தார். போன் பேச்சு எடுப்பதில்லை. வெயிலைப் பற்றி ஏதாவது மெதுவாகச் சொல்வார்.

அபிராமி அப்பாவுக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள். பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும், சத்தம் போட அவளுக்குத் தெம்பில்லை என்று பாண்டியம்மாள் சமாதானம் சொல்வாள்.

பங்குனியில் ராஜ்கமல் வந்து அழைத்துப் போனான். பஸ் ஸ்டாண்டுக்குச் சோணைமுத்து பையைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ்ஸை ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அபிராமி அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவர் தலை தானாக அசையப் பார்த்தது. நிறுத்திக்கொண்டார்.

"கேக்கல தாயி. இன்னொருக்கா சொல்லு."

அவள் ஜன்னல் கம்பியோரம் முகத்தைக் கொண்டுவந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"நான் போன் பண்ணா, அம்மாகிட்டக் குடுத்துருப்பா."

"குடுத்துர்றேன்" என்றார் சோணைமுத்து.

பஸ் திரும்பி ரோட்டுக்குப் போகும் வரை நின்றுவிட்டு, குடோன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று வேலம்பாளையம் பஸ்ஸைத் தேடிக்கொண்டு நடந்தார்.