உயிர் தோற்ற வரலாறு

அருங்காட்சியகக் காப்பாளர் அன்று இயக்குநர் நடையிலேயே நடந்தார். பதவி இன்னும் வரவில்லை, நடை முன்கூட்டியே வந்துவிட்டது. குழுத் தலைவி புது அரங்கைப் பார்த்துத் தலையாட்டினால் நாற்காலி அவருக்கு. ஒரே நிபந்தனை: பத்து வயதுக் குழந்தைக்குப் புரிய வேண்டும். குழந்தைக்காக அவர் அலையவில்லை. தங்கை அங்கேயே பித்தளையில் எழுத்து வெட்டும் வேலையிலிருந்தாள்; அவள் மகளைப் பிடித்து வந்து நிறுத்தியிருந்தார்.

தங்கையிடம் காலையிலேயே சொல்லியாயிற்று. “நான் உட்கார்ந்த மறுநாள் எழுத்து வெட்ட மெஷின் வருது. நீ வீட்டுக்குப் போற.”

“முதல்ல உட்காரு,” என்றாள் தங்கை.

தலைவி வந்தார். காப்பாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “தொல்லூழிக் காலத்தே, கொதிகடலின் மடியிலே, வேதிக் கூறுகளின் சங்கமத்திலே…”

சிறுமி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றடி உயரப் பித்தளை எழுத்துகள்.

“மாமா, உயிர் யார்கிட்ட தோத்துச்சு?”

“தோத்துச்சா? எங்கடி தோத்துச்சு?”

“அதான் போட்டிருக்கே. உயிர் தோற்ற வரலாறு.”

தலைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “ஆமா. தோத்துதான் இருக்கு.”

“‘உயிர்த்தோற்ற’ன்னு இருக்கணும்மா. வெட்டினவ ஒரு ‘த்’தை முழுங்கிட்டா,” என்றார் காப்பாளர்.

“‘த்’ வேணாமாண்ணேன்னு கேட்டேன். உனக்கெதுக்கு இலக்கணம், கொடுத்ததை வெட்டுன்னே. வெட்டிட்டேன்,” என்றாள் தங்கை.

“இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கலாம். மனசு வரல.”

சிறுமி விடுவதாயில்லை. “சரி, தோக்கல. அப்ப எப்படி வந்துச்சு?”

“தானாகவே தோன்றியது.”

“தானான்னா?”

“தானான்னா தானாதான். வாயை மூடு.”

தலைவி குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். காப்பாளர் அதை எட்டிப் பார்க்க முயன்றார், எட்டவில்லை.

தங்கை மகளிடம் சொன்னாள். “சுடுதண்ணி, உப்பு, கல்லு, இன்னும் என்னென்னமோ கலந்து கோடிக்கணக்கான வருஷம் கிடந்துச்சு. அதுல ஏதோ ஒண்ணு, தன்னை மாதிரியே இன்னொண்ணைச் செஞ்சுது. எப்படிச் செஞ்சுதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது.”

“மாமாவுக்குமா?”

“மாமாவுக்கும்தான்.”

அரங்கில் முதன்முறையாகச் சிறுமியின் முகம் மலர்ந்தது.

“இது புரியுது,” என்றார் தலைவி. “சுவர்ல இதையே போடுங்க. தலைப்பை இப்பவே சரிபண்ணுங்க. மத்த விஷயமெல்லாம் அடுத்த வருஷம் பேசலாம்.”

காப்பாளர் தங்கையின் காதருகே சீறினார். “உன்னைத் தொலைச்சுடுவேன்.”

“அதுக்கு நீ உட்காரணும். இன்னும் நிக்கிறே.”

அவள் ஏணியைச் சாத்தி ஏறினாள். ஏணி ஆடியது. தலைவி காப்பாளரைப் பார்த்தார். ஏணி பிடிக்க வேறு ஆள் அங்கில்லை. அவர் குனிந்து பிடித்துக்கொண்டார். ஒரு ‘த்’ நுழைய அதற்கடுத்த எழுத்துகளெல்லாம் நகர வேண்டும். தங்கை கடைசி எழுத்தின் திருகாணியிலிருந்து ஆரம்பித்தாள், அவசரமே இல்லாமல்.

“நல்லாப் பிடிண்ணே. சாயங்காலம் வரைக்கும் ஆகும்.”