வரிசைக்குள் ஒரு சைக்கிள்

பெற்றோல் இல்லாத அந்த ஆண்டில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து கண்டிக்குப் போகும் வீதியோரம் மஞ்சள் கோடு இழுத்தார்கள். கோட்டுக்குள்ளே சைக்கிள் படம். பெயின்ட் காய்ந்த வாரமே பெற்றோல் வரிசை அதற்குள் வந்து நின்றது.

ஞானேஸ்வரி நகரத்து வங்கியொன்றுக்குச் சைக்கிளில் மதியச் சோறு கொண்டுபோகிறவள். நேற்று ஒரு பஸ் அவளை வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் தள்ளியது. பிந்திவிட்டாள். இன்னொரு நாள் பிந்தினால் வரவே வேண்டாம் என்றார்கள்.

இன்று வரிசைக்கும் நடைபாதைக்கும் இடையில் வந்தாள். வரிசையில் காத்திருந்த மூக்கையாவின் ஆட்டோ நடைபாதையை ஒட்டி நின்றது.

"அண்ணே, கொஞ்சம் வெளிய எடுங்க. போயிருவேன்."

"எடுத்தா எடம் போயிரும். பின்னுக்கு நிக்கிறவன் பூந்துருவான்."

"இது சைக்கிள் போற பாதை."

"கீழ படுத்திருக்கே ஒரு சைக்கிளு, அதுகிட்டச் சொல்லு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் வீதிப் பக்கமாகச் சுற்றப் பார்த்தாள். பின்னால் வேனிலிருந்த ஹாஷிம் இறங்கிவந்து, சோற்றுப்பெட்டி கட்டியிருந்த கரியரைப் பிடித்தான்.

"விடாதீங்க. பெட்டிக்குள்ள கேன் இரிக்கி. முன்னுக்குப் போய் பெற்றோல் அடிக்கப் போறா."

"சோறு."

"எல்லாரும் சோறுன்டுதான் செல்லுவாங்க."

கயிற்றை அறுத்தான். பார்சல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஒன்றைப் பிரித்து விரலை விட்டுக் கிளறினான். பருப்பு, சம்பல். கேன் இல்லை.

அவளுடைய போன் அடித்தது. வங்கி. சோறு கடையில் எடுத்துவிட்டார்களாம். நாளைக்கும் வேண்டாமாம்.

"சரி, கட்டிக்கிட்டுப் போ" என்றான் மூக்கையா.

அவள் கட்டினாள். ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். அந்நேரம் முன்னாலிருந்த ஜீப் நகர்ந்தது. ஞானேஸ்வரி அந்த இடத்தில், சைக்கிள் படத்தின்மேல், சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினாள். பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து ஒரு பார்சலைப் பிரித்தாள்.

ஜீப் தூரப் போனது. மூக்கையா ஹார்ன் அடித்தான்.

"எடு."

"எடுத்தா எடம் போயிரும்."

"தூக்கி எறிவேன்."

"தொட்டுப் பாரு."

அவன் ஆட்டோவின் ஹேண்டிலை வீதிப் பக்கம் திருப்பினான். பின்னால் ஹாஷிம் வேனை ஸ்டார்ட் செய்தான். மூக்கையா ஹேண்டிலை மறுபடி நேராக்கினான்.

பக்கத்து ஒழுங்கையிலிருந்து வெள்ளைக் கார் ஒன்று வந்து ஜீப்புக்குப் பின்னால் நுழைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வரிசை முழுக்கக் கத்தியது, கார்களைப் பார்த்து அல்ல.

ஞானேஸ்வரி சம்பலைப் பிசைந்தாள். பெட்டியில் இன்னும் நிறையச் சோறு இருந்தது.